‘பிலிப்பினோ’: ஒரு சொல் விரிந்த வரலாறு

பொது அறிவுப் போட்டிக்காக ஒன்பதாம் வகுப்பில் நாடுகளின் விடுதலை நாள்களைத் தொகுத்துக்கொண்டிருந்தோம். பிலிப்பைன்ஸ் நாட்டுக்கு ஒரு மாணவி 1946 ஜூலை 4 என்று எழுதியிருந்தாள். பக்கத்தில் இருந்தவள் 1898 ஜூன் 12 என்று எழுதியிருந்தாள். இருவரும் ஆளுக்கொரு புத்தகத்தைக் காட்டி, “எது டீச்சர் சரி?” என்றார்கள். அமெரிக்கா விடுதலை வழங்கிய ஆண்டு 1946 என்பது மட்டும் எனக்கு நினைவிருந்தது. முதலாமவளுக்கு மதிப்பெண் கொடுத்தேன். மற்றவள் ஒன்றும் சொல்லாமல் அமர்ந்துவிட்டாள். அன்று இரவு தேடிப் படித்தபோதுதான், அவள் எழுதிய நாளையே அந்நாட்டு மக்கள் விடுதலை நாளாகக் கொண்டாடுகிறார்கள் என்று தெரிந்தது. மறுநாள் வகுப்பில் என் பிழையைச் சொல்லித் திருத்தினேன். அப்போது படித்தவற்றை இங்கே பகிர்கிறேன்.

யார் பிலிப்பினோ?

பிலிப்பைன்ஸ் ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட தீவுகளைக் கொண்ட நாடு. தகலாக், செபுவானோ, இலோகானோ எனப் பல மொழிகள் பேசுவோர் அங்கே வாழ்கின்றனர். ‘பிலிப்பைன்ஸ்’ என்ற பெயர் வெளியிலிருந்து வந்தது. 1543ஆம் ஆண்டு விலாலோபோஸ் என்ற ஸ்பானியர், தம் நாட்டு இளவரசர் பிலிப்பின் பெயரை அங்குள்ள சில தீவுகளுக்குச் சூட்டினார். 1565ஆம் ஆண்டு லெகாஸ்பியின் வருகையோடு தொடங்கிய ஸ்பானிய ஆட்சி முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் நீடித்தது.

அக்காலத்தில் ‘பிலிப்பினோ’ என்ற சொல் பெரும்பாலும் அத்தீவுகளில் பிறந்த ஸ்பானியரையே குறித்தது. மண்ணின் மக்களை ஆட்சியாளர்கள் ‘இண்டியோ’ என்று அழைத்தனர். அதில் ஏளனம் இருந்தது. அந்த மக்கள் தங்களைப் பிலிப்பினோ என்று சொல்லிக்கொள்ளத் தொடங்கியது எப்படி என்பதே அவர்களுடைய தேசிய உணர்வின் கதை.

மூன்று பாதிரியார்கள்

திருச்சபைப் பங்குகளை நிருவகிக்கும் உரிமை உள்நாட்டுப் பாதிரியார்களுக்கும் வேண்டும் என்ற கோரிக்கை 19ஆம் நூற்றாண்டில் வலுத்தது. 1872 ஜனவரியில் கவிட்டே படைத்தளத்தில் ஒரு கலகம் நடந்தது. அதற்குத் துணைபோனதாகக் கோமெஸ், புர்கோஸ், சமோரா என்ற மூன்று பாதிரியார்கள் மீது குற்றம் சாட்டி, பிப்ரவரி 17 அன்று மக்கள் முன்னிலையில் கழுத்தை இறுக்கிக் கொன்றனர். கலப்பினத்தவர், மண்ணின் மக்கள் என்ற வேறுபாட்டைக் கடந்து, ‘நமக்கு நேர்ந்த அநீதி’ என்ற எண்ணம் படித்தவர்களிடையே பரவியது.

அப்போது ஹோசே ரிசாலுக்குப் பத்து வயது. பின்னாளில் கண் மருத்துவரான அவர், தம் இரண்டாம் நாவலை அந்த மூவருக்கே காணிக்கையாக்கினார். அவருடைய இரு நாவல்களும் 1887, 1891ஆம் ஆண்டுகளில் ஸ்பானிய மொழியில் வெளிவந்தன. பதினெட்டு வயதில் எழுதிய பரிசுக் கவிதையிலேயே, தம் மண்ணின் இளைஞர்களைப் ‘பிலிப்பினோ’ என்று அவர் அழைத்திருந்தார். 1892ஆம் ஆண்டு தப்பித்தானுக்கு நாடு கடத்தப்பட்ட ரிசால், அங்கே ஊர்ச் சிறுவர்களுக்குப் பள்ளி நடத்தினார் என்பது ஆசிரியர்களாகிய நமக்குக் கூடுதல் செய்தி.

அதே ஆண்டு போனிஃபாசியோ ‘கட்டிபுனான்’ என்ற இரகசியச் சங்கத்தைத் தொடங்கினார். அச்சங்கத்தின் ஆவணம் ஒன்றில் எல்லாத் தீவு மக்களுக்கும் ‘தகலாக்’ என்ற பெயரே பொதுவாகச் சுட்டப்பட்டது. பொதுப்பெயர் எது என்பது அப்போதும் முடிவாகவில்லை. 1896 ஆகஸ்டில் புரட்சி வெடித்தது. டிசம்பர் 30 அன்று ரிசால் சுட்டுக் கொல்லப்பட்டார்.

இரண்டு நாள்கள்

1898 ஜூன் 12 அன்று, கவிட் என்னும் ஊரில் தம் இல்லத்தில் அகினால்டோ விடுதலையை அறிவித்தார். கொடி ஏறியது, இன்றைய தேசிய கீதத்தின் இசை ஒலித்தது. ஆனால் ஸ்பெயினும் அமெரிக்காவும் அதை ஏற்கவில்லை. அதே ஆண்டு டிசம்பரில் இரு நாடுகளும் பாரிஸில் ஒப்பந்தம் செய்துகொண்டன. 2 கோடி டாலருக்கு அத்தீவுகள் அமெரிக்காவின் கைக்கு மாறின. பிலிப்பைன்ஸின் பிரதிநிதி அகோன்சில்லோவுக்கு அந்தப் பேச்சுவார்த்தையில் இடம் தரப்படவில்லை. 1899ஆம் ஆண்டு அமெரிக்காவுடன் போர் மூண்டது.

1935ஆம் ஆண்டு தன்னாட்சி வந்தது. ஜப்பானிய ஆக்கிரமிப்புக்குப் பின், 1946 ஜூலை 4 அன்று அமெரிக்கா முழு விடுதலை வழங்கியது. அது அமெரிக்காவின் சொந்த விடுதலை நாளும்கூட. 1962ஆம் ஆண்டு குடியரசுத் தலைவர் மகபகால் விடுதலை நாளை ஜூன் 12க்கு மாற்றினார். பிறர் வழங்கிய நாளை விட்டு, தாங்களே அறிவித்த நாளை அந்நாடு எடுத்துக்கொண்டது.

பள்ளியின் பங்கு

1901ஆம் ஆண்டு ‘தாமஸ்’ என்ற கப்பலில் ஏறத்தாழ 500 அமெரிக்க ஆசிரியர்கள் மணிலா வந்தனர். ஊர்தோறும் ஆங்கிலவழி அரசுப் பள்ளிகள் பெருகின. எழுத்தறிவு பரவியது, வெவ்வேறு தீவினர் பேசிக்கொள்ள ஒரு பொதுமொழியும் கிடைத்தது. ஆனால் அந்தக் கல்வி, பிலிப்பினோக்களைத் தம் நாட்டையே அமெரிக்கக் கண்களால் பார்க்கப் பழக்கிவிட்டது என்று வரலாற்றறிஞர் ரெனாட்டோ கான்ஸ்டான்டினோ பின்னர் கடுமையாக விமர்சித்தார். நல்லெண்ணத்தோடு கற்பிக்கும் ஆசிரியரும் யாருடைய பார்வையைக் கற்பிக்கிறோம் என்று கேட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது. நான் 1946க்கு மட்டும் மதிப்பெண் கொடுத்ததும் அப்படிப்பட்ட ஒரு பார்வையால்தான்.

வகுப்பறையில் செய்யலாம்

1. 1872 முதல் 1962 வரை ஒரு காலக்கோடு வரையச் செய்யுங்கள். ‘அறிவித்த நாள்’, ‘வழங்கப்பட்ட நாள்’ இரண்டையும் வெவ்வேறு நிறத்தில் குறிக்கட்டும்.

2. ‘பிலிப்பினோ’ என்ற சொல்லை நடுவில் எழுதிச் சுற்றிலும் வட்டங்கள் போடுங்கள். எந்தக் காலத்தில் யார் யார் அதற்குள் வந்தனர் என்று நிரப்பட்டும். தெற்கே மிண்டனாவோ தீவின் முஸ்லிம் மக்களையும் சேர்த்துப் பேசுங்கள். நீண்ட போராட்டத்துக்குப் பின் 2019ஆம் ஆண்டு அங்கே ‘பாங்சமோரோ’ தன்னாட்சிப் பகுதி உருவானது.

3. 1762ஆம் ஆண்டு ஆங்கிலேயர் மணிலாவைப் பிடிக்கப் புறப்பட்டது நம் சென்னையிலிருந்துதான். உடன் சென்ற இந்தியச் சிப்பாய்களில் சிலர் திரும்பி வராமல் கைன்டா என்ற ஊரில் தங்கிக் குடும்பமானார்கள். அவர்களின் வழிவந்தோரும் இன்று பிலிப்பினோக்களே. ‘ஒரு நாட்டினர் ஆவதற்கு என்ன வேண்டும்?’ என்று மாணவர்களிடம் கேளுங்கள். விடையை நாம் முந்திக்கொண்டு சொல்லிவிடக் கூடாது.

அந்தப் பொது அறிவுத் தொகுப்பில் இப்போது பிலிப்பைன்ஸுக்கு நேரே இரண்டு தேதிகளும் இருக்கின்றன. இரண்டுக்கும் என்ன வேறுபாடு என்று, அன்று பேசாமல் அமர்ந்த மாணவியே தன் கையால் ஒரு வரி எழுதியிருக்கிறாள்.