அமிலம் வரைந்த போர்

பாத்திரக் கடையில் எவர்சில்வர் குடம் வாங்கினால் பெயர் வெட்டித் தருவார்கள். கருவி உலோகத்தைக் கொத்தக் கொத்த, எழுத்து விழும். எட்சிங் என்ற அச்சோவியக் கலையில் ஓவியர் அந்த வேலையைச் செய்வதில்லை. எங்கே வெட்ட வேண்டும் என்று காட்டிவிட்டுக் கையை எடுத்துக்கொள்வார். வெட்டுவது அமிலம்.

செம்பு அல்லது துத்தநாகத் தகட்டைப் பளபளப்பாகத் தேய்த்து, மெழுகும் தாரும் பிசினும் கலந்த பூச்சை அதன்மேல் தடவுவார்கள். பூச்சு காய்ந்ததும் ஊசியால் படம் வரைய வேண்டும். ஊசி பட்ட இடத்தில் பூச்சு விலகி உலோகம் தெரியும். தகட்டை அமிலத்தில் இட்டால், வெளியே தெரியும் உலோகத்தை மட்டும் அது அரிக்கும். இரண்டு நிமிடம் ஊறினால் மெல்லிய கோடு. அரை மணி ஊறினால் ஆழமான பள்ளம். தகட்டை நடுவில் வெளியே எடுத்து, மெல்லிசாகவே இருக்க வேண்டிய கோடுகளை வார்னிஷால் மூடிவிட்டு, மற்றவற்றை மறுபடி ஊறவிடுவார்கள்.

கோடு சரி, நிழலுக்கு என்ன வழி? அதற்கு அக்வாடின்ட். பிசினைப் பொடியாக்கித் தகட்டின்மேல் தூவி, அடியில் சூடு காட்டினால் பொடி உருகி மணல்மணலாக ஒட்டிக்கொள்ளும். அமிலம் அந்த மணிகளுக்கு இடையே புகுந்து தகட்டைச் சொரசொரப்பாக்கும். சொரசொரப்பில் மை தங்கும். வெளிர்சாம்பல் முதல் கும்மிருட்டு வரை எல்லாம் இப்படி வருவதுதான். கடைசியில் பூச்சைக் கழுவி, தகடு முழுக்க மை தேய்த்து, மேற்பரப்பை மட்டும் துடைத்துவிட்டு, ஈரக் காகிதத்தை வைத்து உருளைகளுக்கு இடையே அழுத்தினால் பள்ளத்து மை காகிதத்தில் ஏறும். படம் இடவலம் மாறித்தான் விழும்.

இந்தக் கலையைப் போருக்குப் பயன்படுத்தியவர்களில் ஸ்பெயினின் கோயா முன்னோடி. நெப்போலியன் படையெடுப்பின் கொடுமைகளை அவர் 82 படங்களாகச் செய்தார். அவற்றில் 80 மட்டும் வெளிவந்தது அவர் இறந்து 35 ஆண்டுகள் கழித்து, 1863இல். ஆனால் கோயா படைவீரர் அல்ல. துப்பாக்கியைப் பிடித்த கையே ஊசியையும் பிடித்தது ஜெர்மானியரான ஓட்டோ டிக்ஸ் விஷயத்தில்.

டிக்ஸ் 1891இல் கேரா நகருக்கு அருகே பிறந்தவர். அப்பா இரும்பு வார்ப்பாலைத் தொழிலாளி. முதல் உலகப் போரில், 1915 இலையுதிர்காலத்தில், இயந்திரத் துப்பாக்கிப் பிரிவில் மேற்குப் போர்முனைக்குப் போனார். 1916இல் சோம் சண்டையில் இருந்தார். 1918இல் கழுத்தில் காயம் பட்டது. பதுங்குகுழியில் கிடைத்த நேரத்தில் எல்லாம் வரைந்தார். நூற்றுக்கணக்கான ஓவியங்கள் சேர்ந்தன. ஆனாலும் ‘போர்’ என்ற தொகுப்பு 1924இல்தான் வெளியானது: 50 எட்சிங் படங்கள், ஐந்து உறைகளில் பத்துப் பத்தாக, மொத்தம் 70 பிரதிகள்.

அதில் பன்னிரண்டாவது படத்தைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்ப்போம். நச்சுப்புகைக்குள் ஐந்து வீரர்கள் நம்மை நோக்கி வருகிறார்கள். முகத்தில் வாயுக்கவசம், கண் இருக்கும் இடத்தில் கறுத்த வட்டம். ஒருவன் கையெறிகுண்டை ஓங்கியிருக்கிறான். முள்கம்பி, உடைந்த கட்டைகள். கவசங்களின் வெளிறிய நிறத்துக்கென்று டிக்ஸ் எந்த மையும் சேர்க்கவில்லை. அங்கே அமிலம் அதிகம் கடிக்காதபடி காத்ததால் காகிதத்தின் வெண்மையே துருத்தித் தெரிகிறது. பின்னால் பரவும் சாம்பல் மூட்டம் அக்வாடின்ட். மனிதரின் நுரையீரலை அரித்த வாயுவைக் காட்ட, உலோகத்தை அரிக்கும் திரவம்! பொருளும் செய்முறையும் இப்படி ஒன்றையொன்று கண்டுகொள்வது கலையில் அபூர்வம்.

பூச்சு சரியாக ஒட்டாவிட்டால் அமிலம் வேண்டாத இடத்திலும் புகுந்து குழிகுழியாகத் தின்னும். சாதாரணமாக இது பழுது, தகடு வீண். டிக்ஸ் அந்த அரிப்பை வேண்டுமென்றே வரவழைத்தார். அழுகும் உடலும் குண்டு துளைத்த மண்ணும் அவர் படங்களில் வரையப்பட்டவைபோல இல்லாமல் சிதைந்தவைபோலவே இருப்பதற்கு இதுவே காரணம்.

எட்சிங்குக்கு இன்னொரு பலமும் உண்டு. டிக்ஸ் 1923இல் ‘பதுங்குகுழி’ என்ற பெரிய எண்ணெய்வண்ண ஓவியத்தை முடித்தார். நாஜிகள் 1933இல் அவரை டிரெஸ்டன் கலைக்கழகப் பேராசிரியர் பதவியிலிருந்து நீக்கினார்கள். 1937இல் ‘சீரழிந்த கலை’ என்று முத்திரை குத்திய கண்காட்சியில் அந்த ஓவியத்தை இழிவுபடுத்தி வைத்தார்கள். பிறகு அது என்ன ஆனதென்றே தெரியவில்லை. ஒற்றைப் பிரதி போனால் போனதுதான். எழுபது பிரதிகளை அப்படி ஒழித்துவிட முடியாது.

தொகுப்பில் ஒரு படத்தின் தலைப்பில் மொனாக்கு பண்ணை என்ற பெயர் வருகிறது. அது பிரான்சின் சோம் பகுதியில், பெரோன் நகருக்கு அருகே உள்ள இடம். அந்தப் பெரோனில் முதல் உலகப் போருக்கென்று ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது. டிக்ஸின் ஐம்பது படங்களும் இன்று அங்கே இருக்கின்றன, அவர் ஒரு காலத்தில் துப்பாக்கியோடு கிடந்த அதே மண்ணில்.