சதுரங்க நிலைத் தரவுத்தளங்களில் பலகைச் சமச்சீர்: விரித்தலும் மடித்தலும்

ஆய்வுச் சுருக்கம்

சதுரங்கப் பலகையின் சமச்சீர்ப் பண்பைக் கொண்டு ஒரு நிலையிலிருந்து அதற்கு இணையான பிற நிலைகளைப் பெறலாம். எந்த மாற்றம் எந்த நிபந்தனையில் பொருந்தும், தரவைப் பெருக்குவது எப்போது பயனற்றுப்போகும் என்பவற்றை இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: சதுரங்கம், சமச்சீர், தரவுப் பெருக்கம், இறுதியாட்ட அட்டவணை, நரம்பு வலையமைப்பு.

முன்னுரை

கணினிக்குச் சதுரங்கம் கற்பிக்க மதிப்பிடப்பட்ட நிலைகள் ஏராளமாகத் தேவை. ஒரு நிலையை ஆழ்ந்து ஆராய்ந்து மதிப்பிட இயந்திர நேரம் மிகுதியாகச் செலவாகும். மதிப்பிட்ட நிலையைக் கண்ணாடிப் பிம்பமாக மாற்றி எழுத ஏறக்குறையச் செலவே இல்லை. 2017இல் வெளிவந்த ஆல்ஃபாகோ ஸீரோ, கோ ஆட்டப் பலகையின் எட்டுச் சமச்சீர்களையும் இவ்வாறு பயன்படுத்தியது. அதன் வழிவந்த ஆல்ஃபாஸீரோ அந்த உத்தியைக் கைவிட்டது. சதுரங்க விதிகள் சமச்சீரற்றவை என்பது அதற்குக் காரணம். சிப்பாய் முன்னோக்கியே நகரும். கோட்டை கட்டுதலோ அரசன் பக்கம் ஒரு விதம், அரசி பக்கம் வேறு விதம்.

பொருந்தும் மாற்றங்கள்

நிறமாற்றம் எந்நிலைக்கும் பொருந்தும். நிரைகளை மேல்கீழாகத் திருப்பி, காய்களின் நிறங்களை மாற்றி, நகர்த்தும் உரிமையையும் எதிர்த்தரப்புக்கு அளிக்க வேண்டும். கோட்டை கட்டும் உரிமைகளும் உடன் மாறும். ஆன் பசான் கட்டம் மூன்றாம் நிரையிலிருந்து ஆறாம் நிரைக்கோ, ஆறிலிருந்து மூன்றுக்கோ செல்லும். மதிப்பெண் வெள்ளையின் நோக்கில் பதிவாகியிருந்தால் அதன் குறி மாறும். நகர்த்துபவர் நோக்கில் பதிவாகியிருந்தால் மாறாது. இவ்விரண்டையும் குழப்பிக்கொண்டால் தரவுத்தளத்தின் பாதி பொய்யாகிவிடும்.

நகர்த்தும் உரிமையை மாற்ற மறப்பதும் எளிதில் நேரும் பிழை. 1.இ4 சி5 என்னும் சிசிலியன் நிலையும் 1.சி4 இ5 என்னும் நிலையும் ஒன்றன் நிறமாற்றம் மற்றொன்று எனத் தோன்றும். ஆனால் இரண்டிலும் வெள்ளையே நகர்த்த வேண்டும். பின்னதில் சிசிலியன் அமைப்பைக் கொண்டவருக்கு ஒரு நகர்வு கூடுதலாகக் கிடைக்கிறது. மாறாக, 1.இ3 இ5 2.இ4 எனச் சென்றால் 1.இ4 இ5 நிலையின் சரியான நிறமாற்றம் கிட்டும்.

இடவலப் பிம்பம், இரு தரப்பிலும் கோட்டை கட்டும் உரிமை நீங்கிய நிலைகளுக்கே பொருந்தும். ஆகவே தொடக்க ஆட்டத் தரவு இதனால் பெரிதும் பெருகாது. சிப்பாய்களும் இல்லாதபோது சுழற்சிகள், மூலைவிட்டப் பிரதிபலிப்புகள் உட்பட எட்டு மாற்றங்களும் பொருந்தும்.

எண்ணிக்கை

இடவலப் பிம்பம் எந்நிலையையும் தன்னோடு ஒன்றாக்காது. அச்சு டி, இ நிரல்களுக்கு இடையே செல்வதால் அரசன் அதன்மேல் நிற்க இயலாது. ஆதலின் பெருக்கம் துல்லியமாக இருமடங்கு. மூலைவிட்டமோ கட்டங்களின் வழியே செல்கிறது. ஒன்றையொன்று தொடாமல் இரு அரசர்களை நிறுத்த 3612 வழிகள் உள்ளன. இதை எட்டால் வகுத்தால் முழு எண் வராது. ஒவ்வொரு மூலைவிட்டத்திலும் இரு அரசர்களும் நிற்கும் 42 நிலைகள் அப்பிரதிபலிப்பில் மாறாமலே இருக்கின்றன. அவற்றைச் சேர்த்துக் கணக்கிட, (3612 + 42 + 42) ÷ 8 = 462 என அமையும். சிப்பாய்கள் உள்ளபோது 1806. இறுதியாட்ட அட்டவணைகளை அமைப்போர் நன்கறிந்த எண்கள் இவை. அங்குச் சமச்சீர் தரவை விரிக்கவில்லை, மடிக்கிறது.

விரித்தலின் எல்லை

நகர்த்துபவர் நோக்கில் மட்டுமே உள்ளீட்டைப் பெறும் வலையமைப்புக்கு நிறமாற்ற இணை ஒரு புதிய செய்தியும் அன்று. அதே உள்ளீடு இருமுறை வருகிறது, அவ்வளவே. இடவலப் பிம்பங்கள் விதிப்படி சரியானவையே எனினும், மெய்யான ஆட்டங்களில் அரிதாகத் தோன்றும் அமைப்புகளை மிகுவிக்கும். வலையமைப்பின் ஆற்றலில் ஒரு பங்கு அவற்றுக்குச் செலவாகலாம். ஸ்டாக்ஃபிஷ் பொறியின் வலையமைப்பு இதற்கு மாற்றுவழி கண்டது: தன் அரசன் எப்போதும் பலகையின் ஒரே பாதியில் இருக்குமாறு நிலையைத் திருப்பிக்கொள்கிறது. இதனால் உள்ளீட்டுக் கூறுகள் 45056இலிருந்து 22528ஆகக் குறைந்தன. என் கருத்தில், விரித்தலைவிட இதுவே தூய வழி.

விரிக்கத்தான் வேண்டுமெனில், பயிற்சித் தரவையும் சோதனைத் தரவையும் முதலில் ஆட்டவாரியாகப் பிரித்து, அதன் பின்னரே பிம்பங்களைச் சேர்க்க வேண்டும். வரிசை மாறினால் ஒரு நிலை பயிற்சியிலும் அதன் பிம்பம் சோதனையிலும் அமர்ந்துவிடும். அப்போது கிடைக்கும் துல்லிய வீதம் வலையமைப்பின் பொதுமைப்படுத்தும் திறனைக் காட்டாது.