பண்டோனியோனும் தாளப்பொறியும்: ஓர் இசைக் கலப்பின் சமூக அடிப்படை

மேலைத்தேய நகரங்களின் உணவகங்களிலும் விடுதி முகப்புக்களிலும் கடந்த முப்பது ஆண்டுகளாக ஒருவகை இலத்திரனியல் இசை நிலைபெற்றுள்ளது. 'டவுண்டெம்போ' எனப்படும் இவ்விசை, பெயர் உணர்த்துவது போலவே, காலப்பிரமாணம் தாழ்ந்தது. நடன விடுதிகளுக்குரிய 'ஹவுஸ்' இசையின் தாளக்கட்டை எடுத்து, அதன் வேகத்தைத் தணித்து, அதன்மேல் வயலின், பியானோ முதலிய மரபுவழிக் கருவிகளை இழையவிடுவது இதில் அடிக்கடி காணப்படும் ஆக்கமுறையாகும். பழமையும் புதுமையும் கைகோக்கும் இசை என விற்பனையாளர் இதற்கு விளக்கம் கூறுவர். யாருடைய பழமை, எத்தகைய உற்பத்தி நிலைமைகளிற் பிறந்த புதுமை என்னும் வினாக்களை அவ்விளக்கம் எழுப்புவதில்லை. குறிப்பிட்ட ஓர் ஆக்கத்தை முன்வைத்து அவ்வினாக்களை நோக்குவது பயனுடைத்து எனக் கருதுகிறோம்.

'கோடான் புறொஜெக்ட்' என்னும் குழு 1999 இல் பாரிஸ் நகரில் உருவாயிற்று. பிரான்சியரான பிலிப் கொஹென் சொலால், சுவிற்சர்லாந்தவரான கிறிஸ்தோப் முல்லர், ஆர்ஜென்ரீனரான எதுவார்தோ மகாரோவ் ஆகிய மூவர் அதனை அமைத்தனர். 'டாங்கோ' என்னும் சொல்லின் அசைகளை முன்பின்னாக மாற்றியதே 'கோடான்'. சொற்களை இவ்வாறு புரட்டிப் பேசுவது புவெனஸ் அயர்ஸ் நகரத் தெருப்பேச்சின் வழக்கம். 2001 இல் வெளியான இவர்களது முதல் இசைத்தட்டு 'டாங்கோவின் பழிவாங்கல்' எனப் பொருள்படும் தலைப்பினைக் கொண்டது. பண்டோனியோன், பியானோ, வயலின், கிற்றார் ஆகியவற்றை இசைஞர் வாசிக்க, கீழே பொறியின் தாளம் மாறாது ஒலிக்கிறது.

இங்கு பண்டோனியோன் பற்றிச் சிறிது கூறுதல் வேண்டும். துருத்தியினால் எழும் காற்று உலோக நாக்குகளை அதிரச் செய்ய இக்கருவி ஒலிக்கிறது. இவ்வகையில் நமது இசை நாடக மேடைகளின் ஆர்மோனியத்துக்கு இது உறவுக் கருவியாகும். ஆர்ஜென்ரீனாவில் வழங்கும் வகையில் 71 பொத்தான்கள் உள்ளன. துருத்தியை விரிக்கும்போது ஒரு சுரமும் மடக்கும்போது பெரும்பாலும் வேறொரு சுரமும் எழுவதால் அதனைக் கற்பது கடினம். ஜேர்மனியின் கிறேஃபெல்ட் நகர இசைக்கருவி வணிகரான ஹைன்ரிஷ் பாண்டின் பெயரால் 19 ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இது பெயர்பெற்றது. ஜேர்மனியச் சுரங்கத் தொழிலாளரிடையே செல்வாக்குப் பெற்ற கருவி, கடல் கடந்து புவெனஸ் அயர்ஸ் துறைமுகப் புறச்சேரிகளை அடைந்தது. இத்தாலிய, ஸ்பானிய ஏழைக் குடியேறிகளும் முன்னாள் அடிமைகளின் வழிவந்தோரும் ஒன்றாக வாழ்ந்த அச்சேரிகளிலேயே டாங்கோ முகிழ்த்தது. 1910களில் பாரிஸ் அதனைக் கொண்டாடிய பின்னரே ஆர்ஜென்ரீன மேட்டுக்குடி அதனைத் தன் இல்லங்களுக்குள் அனுமதித்தது.

டாங்கோவின் மரபுவழி வாத்தியக் குழுவிற் பொதுவாக முரசு இல்லை என்பது மனங்கொளத்தக்கது. தாளத்தைத் தனியொருவர் வழங்குவதில்லை. பியானோவின் இடக்கை, டபிள் பாஸ், பண்டோனியோன் வரிசை ஆகியன ஒன்றையொன்று கேட்டு, இழுத்து, தளர்த்திக் காலத்தைக் கூட்டாக உண்டாக்குகின்றன. இக்கூட்டுக் காலத்தின் உச்ச வெளிப்பாடென ஒஸ்வால்தோ புக்ளியேசேயின் குழுவைக் கூறலாம். பொதுவுடைமைக் கட்சி உறுப்பினரான அவர் 1939 இல் அமைத்த குழு கூட்டுறவு அடிப்படையில் இயங்கியது. வருவாய் புள்ளிமுறையில் உறுப்பினரிடையே பகிரப்பட்டது. அவர் சிறையில் இருந்த நாள்களில் குழுவினர் பியானோவின்மீது சிவப்புக் கார்னேஷன் மலரொன்றை வைத்துவிட்டு அவரின்றியே வாசித்தனர். 1946 இல் அவர்கள் பதிவுசெய்த 'லா யும்பா'வைக் கேட்போர், பாரஞ்சுமப்போர் மூச்சுவாங்கி அடியெடுத்து வைப்பதனை ஒத்த அசைவை உணர்வர். உழைப்பின் அமைப்பும் ஒலியின் அமைப்பும் இங்கு ஒன்றுக்கொன்று அந்நியமானவை அல்ல.

கலப்பின் மறுபாதியான ஹவுஸ் தாளத்துக்கும் ஒரு வரலாறு உண்டு. 1977 முதல் சிக்காகோவின் 'வெயர்ஹவுஸ்' விடுதியில் பிராங்கி நக்கிள்ஸ் இசைத்தட்டுக்களை இணைத்து வழங்கினார். அங்கு கூடியோர் பெரும்பாலும் கறுப்பின, இலத்தீன் அமெரிக்க ஓரினச் சேர்க்கையாளர். விடுதியின் பெயரிலிருந்தே ஹவுஸ் என்ற பெயர் தோன்றியது என்பர். அதற்கு முந்திய டிஸ்கோ, வயலின் அணிகள் அடங்கிய பெரும் வாத்தியக் குழுக்களைக் கூலிக்கு அமர்த்தியது. 1979 இல் டிஸ்கோ வீழ்ச்சியுற, ஒலிப்பதிவு நிறுவனங்கள் தம் முதலீட்டைப் பின்வாங்கிக்கொண்டன. 1980 இல் தென் சிக்காகோவின் 'விஸ்கொன்சின் ஸ்டீல்' உருக்காலை மூடப்பட்டது. அந்நகரின் தொழிற்றுறைச் சரிவு அதனோடு நிற்கவில்லை. வாத்தியக் குழுவை அமர்த்த வசதியற்ற இளைஞர், யப்பானிய 'றோலன்ட்' நிறுவனம் தயாரித்து, சந்தையில் தோல்வியுற்று, பழைய பொருளாக மலிந்துவிட்ட தாளப்பொறிகளை வாங்கினர். நிமிடத்துக்கு ஏறத்தாழ 120 முதல் 130 அடிகள். நான்கு அடிகளிலும் பொறிமுரசின் சம அழுத்தம். பொறி இங்கு வறியவரின் வாத்தியக் குழுவாயிற்று. இலத்திரனியல் இசை என்றதுமே ஏகாதிபத்தியச் சீரழிவு எனத் தீர்ப்பிடும் நண்பர்கள் இதனைச் சற்றுச் சிந்தித்தல் நன்று.

ஆகவே, நலிந்த இரு மக்கட்பிரிவினரின் ஆக்கங்களே பாரிஸில் சந்தித்தன. சந்திப்பின் நிபந்தனைகள் யாவை என்பதே வினா. மணிக்கூட்டுக் காலம் தொழிலாளரின் அகவாழ்வை எவ்வாறு ஒழுங்குபடுத்தியது என்பதனை ஈ. பி. தொம்சன் 1967 இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையில் விளக்கினார். பொறித்தாளத்தின்மேல் வாசிக்கும் பண்டோனியோன் கலைஞரின் நிலையும் அத்தகையதே. அவர் பிந்தலாம், முந்தலாம். ஆனால் பொறி அவருக்காகக் காத்திராது. புக்ளியேசே குழுவில் காலம் மனிதரிடையேயான உறவாக இருந்தது. இங்கோ அது முன்கூட்டியே தீர்மானிக்கப்பட்டுவிட்டது. மார்க்ஸின் சொற்களிற் கூறுவதானால், உயிருள்ள உழைப்பு இறந்த உழைப்பின் கட்டளைக்கு அமைகிறது. எனினும் இவ்விசைத்தட்டை வெறும் பண்டமென ஒதுக்குதல் வரட்டுவாதமாகும். 'திரிப்திகோ' என்னும் உருப்படியில் நான்கடித் தாளம் சலனமின்றி நடக்க, பியானோவும் பண்டோனியோனும் அதன் விளிம்பில் நின்று இழுபடுகின்றன. அவ்விழுபறியே அதன் உயிர். பியானோ வாசித்த குஸ்தாவோ பெய்தெல்மான், ஆர்ஜென்ரீன இராணுவம் ஆட்சியைக் கைப்பற்றிய 1976 இல் பாரிஸ் வந்து சேர்ந்தவர். கொண்டுவந்த காலத்தை அவர் முற்றாகக் கைவிடவில்லை.

இன்னொரு முரண்பாடும் உண்டு. இவ்விசைத்தட்டின் ஓர் உருப்படியில் சே குவேராவின் குரலும், 'அந்நிய முதலாளித்துவம்' எனத் தலைப்பிட்ட மற்றொன்றில் ஏவா பெரோனின் குரலும் சேர்க்கப்பட்டுள்ளன. (புக்ளியேசே பெரோன் ஆட்சியிலும் சிறைப்பட்டார் என்பதனை இக்குரல்கள் கூறமாட்டா.) ஆக்கியோரின் நோக்கு நேர்மையானதாக இருக்கலாம். ஆயின் மென்தாளத்தின்மேல் மிதக்கும் புரட்சிக்குரல், கேட்போனிடம் எதனையும் கோருவதில்லை. உணவக உரையாடலுக்கு அது இடையூறுமாகாது. அதே 2001 இன் டிசெம்பரில் அந்நிய முதலாளித்துவம் புவெனஸ் அயர்ஸ் தெருக்களில் வேறு உருவிலே நின்றது. 1991 முதல் டொலருடன் பிணைக்கப்பட்டிருந்த பெசோவைக் காக்கவெனச் சேமிப்பாளரின் வங்கிக் கணக்குகள் முடக்கப்பட்டன. மக்கள் சட்டி பானைகளைத் தட்டிக்கொண்டு தெருவிலிறங்கினர். 19, 20 ஆம் திகதிகளிற் பலர் சுட்டுக்கொல்லப்பட்டனர். சனாதிபதி டெ லா றூவா பதவி துறந்தார்.

அவ்வாண்டிலேயே அந்நகரில் 'பெர்னாண்டெஸ் ஃபியெறோ' என்னும் இளைஞர் வாத்தியக் குழு தோன்றியது. சான் தெல்மோப் பகுதித் தெருக்களில் வாசிக்கத் தொடங்கிய அவர்கள் தாளப்பொறியை நாடவில்லை. பண்டோனியோன் வரிசை, வயலின்கள், பியானோ, டபிள் பாஸ் என்னும் பழைய அமைப்பையே மீட்டெடுத்துப் புக்ளியேசேயின் பாணியை முரட்டுத்தனமாக முன்னெடுத்தனர். அவரைப் போலவே தம்மைக் கூட்டுறவாக அமைத்துக்கொண்டு, 2004 இல் தமக்கென ஓர் அரங்கையும் திறந்தனர்.