மூன்றாம் தரம் சொல்லும் முன்னே...

ஏலம் என்றால் என்னவென்று நம் தோட்டத்து மக்களுக்கு எவரும் சொல்லித் தர வேண்டியதில்லை. திருவிழா முடிந்ததும் அம்மனுக்குச் சாத்திய சேலையும், பூசையில் வைத்த பழத்தட்டும், எலுமிச்சம்பழமும் கோயில் வாசலில் ஏலத்திற்கு வரும். ஒருவர் ஐம்பது வெள்ளி என்பார். இன்னொருவர் அறுபது என்பார். "ஒரு தரம்... இரண்டு தரம்... மூன்று தரம்!" என்று சொல்லி முடித்துவிட்டால், பொருள் கேட்டவருக்குச் சொந்தம். அதன் பிறகு கோயில் தலைவரே வந்து நின்றாலும் மாற்ற முடியாது. ஏலத்தின் மானமே அந்த மூன்றாம் தரத்தில்தான் இருக்கிறது.

சரி, இரண்டு தரம் சொல்லிவிட்டு, கேட்ட விலை போதவில்லை என்று சேலையைச் சுருட்டி உள்ளே கொண்டு போய், மறுநாள் அதே சேலையைக் கூடுதல் விலைக்கு மறுபடியும் வாசலில் விரித்தால் ஊர் என்ன சொல்லும்? கோயிலில் எவரும் செய்யத் துணியாத இந்தக் காரியம், இப்போது கைப்பேசி வழியாக நடக்கும் ஏலங்களில் அடிக்கடி நடக்கிறது. சிங்கப்பூரில் வேலை செய்யும் நம் பிள்ளைகள் பலர் பழைய பொருள்களை இப்படித்தான் வாங்குகிறார்கள். ஆகவே இதைப் பற்றித் தெரிந்துகொள்வது நமக்கு நல்லது.

கடிகாரமே ஏலக்காரர்

இணையத்தில் ஏலம் விடுவதைப் பெரிய வாணிபமாக்கியது அமெரிக்காவின் ஈபே நிறுவனம். 1995ஆம் ஆண்டில் பியர் ஒமிடியார் என்பவர் அதைத் தொடங்கினார். இங்கே சுத்தியல் தட்டுகிறவர் யாருமில்லை. ஐந்து நாள், ஏழு நாள் என்று காலம் குறித்துவிடுகிறார்கள். கடிகாரம் ஓடி முடியும் நேரத்தில் யார் விலை உயர்ந்து நிற்கிறதோ அவருக்கே பொருள். கடிகாரம் நிற்பதுதான் மூன்றாம் தரம்.

ஆனால் அந்த நேரம் வருமுன்னே ஏலத்தை நிறுத்திவிட விற்பவருக்கு வழி உண்டு. பொருள் உடைந்து போயிருக்கலாம், களவு போயிருக்கலாம், விவரத்தைத் தவறாக எழுதியிருக்கலாம். இப்படிப்பட்ட நியாயமான காரணங்களுக்காகத்தான் அந்த வழி வைக்கப்பட்டது. அதற்கும் ஓர் எல்லை இருக்கிறது. ஈபே விதிப்படி, ஏலம் முடியப் பன்னிரண்டு மணி நேரத்திற்கு மேல் இருந்தால், வந்த கேள்விகளை நீக்கிவிட்டு ஏலத்தை நிறுத்தலாம். பன்னிரண்டு மணி நேரத்திற்கும் குறைவாக இருந்து, யாராவது விலை கேட்டிருந்தால், உயர்ந்த விலை கேட்டவருக்கே கொடுத்துத்தான் முடிக்க வேண்டும். இந்த ஒரு விதியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் உதவும்.

நியாயமான காரணத்திற்காகத் திறந்து வைத்த கதவில், நியாயமில்லாதவர்களும் நுழைந்துவிடுகிறார்கள். எதிர்பார்த்த விலை ஏறவில்லை என்று நிறுத்துபவர் ஒரு வகை. "வெளியிலேயே முடித்துக்கொள்ளலாம்" என்று வேறொருவர் ஆசை காட்டியதால் நிறுத்துபவர் இன்னொரு வகை. மூன்றாவது வகையினர்தான் கெட்டிக்காரர்கள்! மக்கள் எவ்வளவு வரை கொடுப்பார்கள் என்று ஆழம் பார்ப்பதற்கே ஏலம் விடுவார்கள். விலை தெரிந்ததும் கலைத்துவிட்டு, அதற்கு மேல் ஒரு விலை வைத்து மறுபடியும் பட்டியலில் போடுவார்கள். விலை கேட்டவர்கள் சம்பளமில்லாமல் அவர்களுக்குச் சந்தை நிலவரம் சொன்னவர்களாகிறார்கள்.

சுங்கை ரோட்டிலிருந்து கைப்பேசிக்கு

சிங்கப்பூரில் தேக்காவிலிருந்து நடந்து போகும் தூரத்தில் சுங்கை ரோடு பழம்பொருள் சந்தை இருந்தது. 1930களில் தொடங்கிய அந்தச் சந்தையைத் 'திருட்டுச் சந்தை' என்றும் அழைப்பார்கள். பழைய கடிகாரம், இசைத்தட்டு, காலணி, துருப்பிடித்த சுத்தியல், எல்லாம் தரையில் விரித்த துணியின்மேல் கிடக்கும். நம் ஊர்த் தொழிலாளிகள் ஞாயிற்றுக்கிழமைகளில் சிராங்கூன் ரோட்டுக்கு வந்துவிட்டு, அப்படியே அங்கும் ஒரு நடை போய் வருவார்கள். அந்தச் சந்தை 2017ஆம் ஆண்டு ஜூலை 10ஆம் நாளோடு மூடப்பட்டது.

அதற்கு ஐந்தாண்டு முன்பே, 2012இல், சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழகத்தில் படித்த மூன்று இளைஞர்கள் கரோசல் என்ற கைப்பேசிச் சந்தையைத் தொடங்கியிருந்தார்கள். படம் எடுத்து, விலை எழுதிப் போட்டால் போதும். விரும்பியவர் தம் விலையைச் சொல்வார். தரையில் விரித்த கடைகள் கண்ணாடித் திரைக்குள் போய்விட்டன.

பழைய சந்தையில் ஏமாற்று இல்லையா என்று கேட்கலாம். ஏன் இல்லை? ஆனால் அங்கே ஆள் முகம் தெரியும். நீங்கள் இருபது வெள்ளி சொல்லி, அவர் சரியென்று தலையசைத்த பிறகு மாற்றினால், பக்கத்துக் கடைக்காரரே "இதென்ன பேச்சு?" என்று கேட்டுவிடுவார். கைப்பேசிச் சந்தையில் பக்கத்துக் கடைக்காரர் இல்லை.

ஒரு மாணவனின் அனுபவம்

என்னிடம் ஆறாம் ஆண்டு வரை படித்த மாணவன் ஒருவன், இப்போது ஜொகூர் பாருவிலிருந்து நாள்தோறும் மோட்டார் சைக்கிளில் பாலம் கடந்து சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய் வருகிறான். கல்லூரியில் சேர இருந்த தங்கைக்கு ஒரு மடிக்கணினி வாங்க வேண்டும். புதிது வாங்க வசதியில்லை. இணைய ஏலம் ஒன்றில் நல்ல கணினியைப் பார்த்து 210 வெள்ளி கேட்டான். ஐந்து நாளும் அவன் பெயரே முதலில் நின்றது. "கணினி வந்துவிடும்" என்று வீட்டுக்கும் சொல்லிவிட்டான். வேலையிடத்து நண்பர் ஒருவர் தம் பழைய கணினியை மலிவாகத் தருகிறேன் என்றபோதும், ஏலத்தில் வாக்குக் கொடுத்திருக்கிறோமே என்று வேண்டாமென்றான்.

ஏலம் முடிய ஒரு நாள் இருந்தது. இரவு வேலையின் இடைவேளையில் பார்த்தால், ஏலம் நிறுத்தப்பட்டிருந்தது. மறுநாள் அதே கணினி, மூடியின் ஓரத்தில் அதே கீறல், 320 வெள்ளி தொடக்க விலையில் மறுபடியும் வந்திருந்தது.

"அஞ்சு நாளா என் பேருதான் சார் முதல்ல இருந்துச்சு. அப்புறம் நான் கேட்கவே இல்லாத மாதிரி ஆயிடுச்சு" என்றான். பணம் ஒரு காசும் போகவில்லை. ஆனால் நண்பரின் கணினி அதற்குள் வேறொருவருக்குப் போய்விட்டது. தங்கை கணினி இல்லாமலே கல்லூரிக்குப் போனாள். வாக்கைக் காப்பாற்றியவனுக்கு நட்டம். வாக்கை மாற்றியவருக்கு இலாபம். இதுதான் இந்தக் காரியத்தின் உண்மையான கெடுதல்.

சட்டம் என்ன சொல்கிறது?

சிங்கப்பூரின் பொருள் விற்பனைச் சட்டம் இங்கிலாந்திலிருந்து வந்தது. சுத்தியல் விழும்போதோ, வழக்கமான வேறு முறையில் அறிவிக்கும்போதோதான் ஏலம் நிறைவு பெறுகிறது என்றும், அதுவரை விலை கேட்டவர் தம் கேள்வியைத் திரும்பப் பெறலாம் என்றும் அது சொல்கிறது. நம் மூன்று தரக் கணக்கேதான்! விற்பவர் முன்கூட்டி அறிவிக்காமல், தாமோ தம் ஆளை வைத்தோ விலையை ஏற்றினால், வாங்குபவர் அதை மோசடியாகக் கொள்ளலாம் என்றும் அதே சட்டம் சொல்கிறது.

2010ஆம் ஆண்டின் மின்னியல் பரிவர்த்தனைச் சட்டமும் இருக்கிறது. இன்னாருக்கு என்று இல்லாமல் எல்லாரும் பார்க்கும்படி இணையத்தில் போடும் விற்பனை அறிவிப்பு, பொதுவாக, "விலை கேட்க வாருங்கள்" என்ற அழைப்பே. கட்டுப்படுவதாக விற்பவர் காட்டியிருந்தால் மட்டுமே அது வேறு. ஆகவே விளம்பரம் போட்டுவிட்டார் என்பதற்காக மட்டும் ஒருவரைப் பிடித்துவிட முடியாது. அவரும் நீங்களும் ஒப்புக்கொண்ட ஏல விதிகளைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

விற்றவர் பின்வாங்கிய வழக்கொன்று சிங்கப்பூரில் பெயர் பெற்றது. டிஜிலேண்ட்மால் என்ற நிறுவனம் 3,854 வெள்ளி பெறுமான எச்பி வண்ண அச்சு இயந்திரத்தை, ஊழியர் ஒருவரின் தவறால், 66 வெள்ளி என்று இணையத்தில் போட்டுவிட்டது. 2003ஆம் ஆண்டு ஜனவரி 13ஆம் நாள் விடியுமுன்னே செய்தி பரவியது. மொத்தம் 784 பேர் 4,086 இயந்திரங்களுக்கு ஆணை கொடுத்தார்கள்! அவர்களில் ஆறு பேர் மட்டும் கேட்டவை 1,606. கணினி தானாகவே "வாங்கியது உறுதி" என்று பதில் அனுப்பியது. நிறுவனம் தவறு என்று சொல்லி மறுக்கவே, அந்த ஆறு பேரும் வழக்குத் தொடுத்தார்கள். 2004இல் நீதிபதி வி. கே. ராஜா, அது தவறான விலை என்பது வாங்கியவர்களுக்குத் தெரிந்தே இருந்தது என்று கூறி வழக்கைத் தள்ளினார். 2005இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது.

இதை ஏலத்தைக் கலைப்பவர்களுக்கு ஆதரவான தீர்ப்பு என்று எண்ணிவிடக் கூடாது. தெரியாமல் நேர்ந்த தவறு வேறு. விலை போதவில்லையே என்ற வருத்தம் வேறு. பிறர் தவறைத் தெரிந்துகொண்டே பயன்படுத்துவதைத்தான் நீதிமன்றம் ஏற்கவில்லை. அந்த நியாயம் வாங்குபவருக்கும் விற்பவருக்கும் பொது அல்லவா?

பிற நாட்டுத் தீர்ப்புகள்

ஜெர்மனியில் ஒருவர் தம் பழைய பஸாட் காரை ஒரு யூரோ தொடக்க விலையில் ஈபேயில் ஏலம் விட்டார். வெளியில் 4,200 யூரோவுக்கு ஆள் கிடைத்ததும் ஏலத்தை நிறுத்திவிட்டார். அந்த நேரத்தில் ஏலத்தில் நின்ற விலை ஒரே ஒரு யூரோ. அதைக் கேட்டவர் வழக்குப் போட்டார். 2014 நவம்பரில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம், தகுந்த காரணமின்றி நிறுத்தியதால் ஒப்பந்தம் நிலைத்துவிட்டது என்று கூறி, காரின் மதிப்பில் ஒரு யூரோவைக் கழித்து 5,249 யூரோ இழப்பீடு கொடுக்கச் சொன்னது.

இங்கிலாந்தில் நடந்தது மண்டபத்து ஏலம். புதிதாக வாங்கினால் ஒவ்வொன்றும் 14,000 பவுன் ஆகும் இரண்டு இயந்திரங்கள், குறைந்த விலை எதுவும் குறிக்காமல் ஏலத்திற்கு வந்தன. தலைக்கு 200 பவுனுக்கு மேல் எவரும் கேட்கவில்லை. ஏலக்காரர் அவற்றைத் திரும்ப எடுத்துக்கொண்டு, பிறகு பத்திரிகை விளம்பரம் மூலம் 750 பவுன் வீதம் விற்றார். 2000ஆம் ஆண்டில் மேல்முறையீட்டு நீதிமன்றம், 200 கேட்டவருக்கு 27,600 பவுன் கொடுக்க வேண்டும் என்ற தீர்ப்பை உறுதி செய்தது. கலைத்து மறுபடியும் விற்றவர் பெற்றது 1,500. கொடுத்தது அதைப்போல் பதினெட்டு மடங்கு!

இவை சிங்கப்பூரின் தீர்ப்புகள் அல்ல. அங்கு இப்படியே நடக்கும் என்று சொல்வதற்கில்லை. ஆனாலும், ஏலம் விளையாட்டல்ல என்று உலகில் பல நீதிமன்றங்கள் கருதுவதை இவை காட்டுகின்றன.

சிங்கப்பூர் அரசாங்கமே நடத்தும் ஏலம் ஒன்றையும் பாருங்கள். அங்கே கார் வாங்க 1990 முதல் வாகன உரிமைச் சான்றிதழ் வேண்டும். அது ஏலத்தில்தான் கிடைக்கும். கார் வாங்குபவர் 10,000 வெள்ளி முன்பணம் கட்டித்தான் விலை கேட்க முடியும். கேட்ட விலையை ஏற்றலாம். குறைக்கவோ விலகவோ முடியாது. வாங்குபவரை இவ்வளவு கட்டுப்படுத்தும் ஏலமும் உண்டு. விற்பவரை ஏறக்குறைய அவிழ்த்துவிட்ட ஏலமும் உண்டு. எந்த ஏலத்தில் நிற்கிறோம் என்று தெரிந்து நிற்க வேண்டும்.

நாம் செய்ய வேண்டியது

முதலாவதாக, விலை கேட்குமுன் விற்பவரின் பழைய கணக்கைப் பாருங்கள். ஒரே பொருளைத் திரும்பத் திரும்பப் போடுபவராக இருந்தால் விலகிவிடுங்கள்.

இரண்டாவதாக, ஆசையை முதல் நாளே காட்டிவிடாதீர்கள். உங்களால் கொடுக்க முடிந்த உச்ச விலையைத் தாளில் எழுதி வைத்துக்கொண்டு, கடைசி நேரத்தில் கேளுங்கள். ஈபே போன்ற தளத்தில் கடைசிப் பன்னிரண்டு மணி நேரத்தில் விலை கேட்டவரை உதறிவிடுவது விற்பவருக்கு எளிதன்று.

மூன்றாவதாக, விளம்பரம், விலை, விற்பவர் எழுதிய பதில் எல்லாவற்றையும் திரையிலிருந்து படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். விற்பனை முடிந்த பிறகு தகராறு வந்தால், சிங்கப்பூரில் சிறு கோரிக்கை நடுவர் மன்றம் இருக்கிறது. 20,000 வெள்ளி வரையிலான வழக்குகளை வழக்கறிஞர் இல்லாமலே அங்கே கொண்டு போகலாம். இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும். விற்பவர் வியாபாரியாக இருந்தால் பயனீட்டாளர் சங்கத்தின் உதவியையும் நாடலாம்.

நான்காவதாக, "ஏலத்தை நிறுத்திவிடுகிறேன், நேரே பணம் அனுப்புங்கள், மலிவாகத் தருகிறேன்" என்று யாராவது அழைத்தால் போகாதீர்கள். மற்றவர்களை விட்டுவிட்டு உங்களிடம் வந்தவர், உங்களையும் விட்டுப் போவார். மோசடி என்று சந்தேகம் வந்தால் சிங்கப்பூரில் 1799 என்ற எண்ணில் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.

கடைசியாக, விற்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. இன்று வாங்குபவர் நாளை விற்பவர். இதற்குக் குறைந்து கொடுக்க மாட்டேன் என்று மனத்தில் ஒரு விலை இருந்தால், அதையே தொடக்க விலையாக எழுதிவிடுங்கள். பொருள் பழுதாகிவிட்டால், விலை கேட்டவருக்கு இரண்டு வரி எழுதிச் சொல்லுங்கள். மறுபடியும் விற்பதானால், முன்பு உயர்ந்த விலை கேட்டவரை முதலில் கேளுங்கள். இதற்குச் செலவு ஒன்றுமில்லை. முகம் தெரியாத ஒருவர் ஐந்து நாள் உங்களை நம்பிக் காத்திருந்தார் என்ற நினைவு இருந்தால் போதும்.