அரிசி நம்முடையது, அனுமதி டெல்லியுடையது

2022 மே 18. ராயபுரத்தை ஒட்டிய சென்னைத் துறைமுகத்தில் முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் கொடியசைக்க, கொழும்பை நோக்கிக் கிளம்பியது ஒரு கப்பல். பொருளாதார நெருக்கடியில் தவித்த இலங்கை மக்களுக்காகத் தமிழ்நாடு அனுப்பிய அரிசி, பால் பவுடர், மருந்து அதில் இருந்தன. அரிசி மட்டும் 9,000 டன். ஆனால் கொழும்பில் அதை இலங்கை அரசிடம் ஒப்படைத்தவர் இந்தியத் தூதர்.

காரணம், அரசமைப்புச் சட்டத்தின் ஏழாவது அட்டவணை. வெளியுறவும் வெளிநாட்டு ஒப்பந்தங்களும் ஒன்றியப் பட்டியலில் இருக்கின்றன. அதனால்தான் அந்த ஆண்டு ஏப்ரல் 29 அன்று சட்டமன்றம் ஒருமனதாகத் தீர்மானம் போட்டு, உதவி அனுப்ப டெல்லியிடம் அனுமதி கேட்டது.

கடனிலும் இதே கதைதான். சென்னை மெட்ரோவின் முதல் கட்டத்துக்கு ஜப்பானின் ஜைக்கா நிறுவனம் கடன் கொடுத்தது. ரயில் ஓடுவது சென்னையில். 2008-இல் கடன் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டது இந்திய அரசு.

துறைமுகங்களைப் பாருங்கள். எண்ணூர் காமராஜர் துறைமுகம் ‘பெருந்துறைமுகம்’. அது ஒன்றியத்தின் பொறுப்பு. பக்கத்திலேயே இருக்கும் காட்டுப்பள்ளி அந்த வகையில் வராததால் மாநிலக் கடல்சார் வாரியத்தின் கீழ் வருகிறது. ஒரே கடற்கரை, இரண்டு அரசுகள்.

அப்படியானால் மாநிலத்தால் என்னதான் முடியும்? முதலீட்டை அழைக்கலாம். ரெனோ-நிசானோடு 2008-இல் தமிழ்நாடு நேரடியாகவே புரிந்துணர்வு ஒப்பந்தம் போட்டது. ஒரகடத்தில் தயாரான நிசான் கார்கள் 2010 முதல் எண்ணூர் வழியாகக் கப்பலேறின. நிறுவனத்தோடு போடுவது நாடுகளுக்கிடையிலான உடன்படிக்கை ஆகாது என்பதால் இதற்குத் தடையில்லை. வெளியுறவு அமைச்சகமும் 2014-இல் மாநிலங்களுக்கெனத் தனிப் பிரிவு தொடங்கியது. ஆனாலும் முதலமைச்சர் வெளிநாடு செல்ல அந்த அமைச்சகத்தின் இசைவு வேண்டும்.

எல்லா நாட்டிலும் இப்படி இல்லை. பெல்ஜியத்தின் பிளாண்டர்ஸ் மாநிலம், தன் அதிகாரத்துக்கு உட்பட்ட துறைகளில், 1993 முதல் பிற நாடுகளோடு தானே உடன்படிக்கை செய்துகொள்கிறது. கனடாவின் கியூபெக் 1961 முதல் பாரிஸில் தனக்கென அலுவலகம் வைத்திருக்கிறது.

கார் கம்பெனியோடு நேரில் பேசும் தமிழ்நாடு, இலங்கைக் கடற்படை மீனவர்களைப் பிடித்துச் செல்லும்போது கொழும்போடு பேச முடியாது. அன்றும் முதலமைச்சரின் கடிதம் டெல்லிக்குத்தான் போகிறது.