புரோசஸருக்கு முன் ஹார்ட் டிஸ்க்கைப் பாருங்கள்

தோட்டத்தை விட்டுத் தாமான் வீடுகளுக்கு வந்துவிட்ட சுங்கை சிப்புட், பாகான் செராய்க் குடும்பங்கள் பலவற்றில் அண்ணன் படித்து முடித்த லேப்டாப்தான் தங்கைக்கு வருகிறது. 2020 மார்ச் 18-இல் நடமாட்டக் கட்டுப்பாடு வந்து பாடமெல்லாம் வீட்டுக்கே மாறியபோது, அப்படி ஒன்று இருந்த வீட்டுப் பிள்ளை தப்பித்தது. அது மெதுவாகிவிட்டால் உடனே எழும் கேள்வி, புரோசஸரை மாற்றலாமா என்பதுதான்.

2013 வாக்கில் வந்தவை வரை பல இன்டெல் லேப்டாப்களில் மாற்றலாம். புரோசஸர் எண் ‘எம்’ என்று முடிந்தால் சாக்கெட்டில் இருக்க வாய்ப்புண்டு. ‘யு’ என்றால் மதர்போர்டிலேயே பற்றவைத்தது, தொட முடியாது. சாக்கெட் உள்ளதில் ஹீட் சிங்க்கை எடுத்துப் பூட்டுத் திருகைத் திருப்பினால் சிப் கையோடு வரும். சில சிப்களின் மேல் ‘மலாய்’, அதாவது மலேசியத் தயாரிப்பு, என்று பொறித்திருக்கும். பினாங்கின் பாயான் லெப்பாஸில் இன்டெல் ஆலை வந்தது 1972-இல். அந்தத் தொழிற்பேட்டைக்குத் தோட்டத்துப் பெண்களும் வேலைக்குப் போனார்கள். நம்மவர் கைபட்ட பொருளாக இருக்கலாம் என்பதாலேயே அதைக் குப்பையில் போட எனக்கு மனம் வருவதில்லை.

ஆனால் மாற்றுவது எளிதல்ல. 2011-இன் திங்க்பேட் டி420-இல் உள்ள ஐ5-2520எம் 35 வாட், இரண்டு கோர். அதே தலைமுறையின் நான்கு கோர் ஐ7-2720கியூஎம் 45 வாட். கூடுதல் சூட்டை அந்தச் சின்ன விசிறி ஈப்போ வெயிலில் தாங்க வேண்டும். பயாஸும் புதிய சிப்பை ஏற்க வேண்டும்.

ஆகவே கையில் இருக்கும் ரிங்கிட்டை முதலில் எஸ்எஸ்டியில் போடுங்கள். சுழலும் ஹார்ட் டிஸ்க் இருந்த அதே இடத்தில் 2.5 அங்குல சாட்டா எஸ்எஸ்டி பொருந்தும். லேப்டாப் திறக்கும் நேரமே மாறிவிடும். அடுத்து ரேம்: 4 ஜிபியை 8 ஆக்குங்கள். நான்காம் தலைமுறை இன்டெல் லேப்டாப்கள் 1.35 வோல்ட் டிடிஆர்3எல் மட்டுமே கேட்கும் என்பதால் பழைய ரேமின் லேபிளைப் படித்துவிட்டுக் கடைக்குப் போங்கள். தூசி தட்டி, தெர்மல் பேஸ்டையும் புதிதாகப் பூசிவிடலாம்.

விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்தது. விண்டோஸ் 11 கேட்பது எட்டாம் தலைமுறை இன்டெல். சாக்கெட் லேப்டாப்பில் எந்தச் சிப்பைப் போட்டாலும் அந்தத் தலைமுறையை எட்டாது. லினக்ஸ் மின்ட் போட்டால் பள்ளிப் பாடத்துக்குப் போதும்.

கழற்றிய பாகங்களைப் பழைய பேப்பர் லோரியில் ஏற்றாதீர்கள். 2005-ஆம் ஆண்டு விதிமுறைப்படி மின்கழிவு எஸ்டபிள்யூ110 என்ற அட்டவணைக் கழிவு. உரிமம் பெற்ற சேகரிப்பு மையத்தில்தான் கொடுக்க வேண்டும். வீங்கிய பேட்டரியை ஒரு நாள்கூட வீட்டில் வைக்காதீர்கள்.