லாரியும் மூச்சு விடுகிறது

மும்பையிலிருந்து புனே போகும் வழியில் கண்டாலா மலைப்பாதை இருக்கிறது. ஒரு லாரி முழுப் பாரத்துடன் அதில் ஏறிக்கொண்டிருந்தது. பாதி மலையில் இழுவை குறைந்தது. கியரை மாற்றியும் வண்டி திணறியது. பின்னால் ஒரே கரும்புகை.

"டீசலில் கலப்படமா அண்ணே?" என்று கேட்டான் கிளீனர்.

"டீசல் நல்ல டீசல்தான் தம்பி. வண்டிக்கு மூச்சு முட்டுகிறது" என்றார் ஓட்டுநர்.

வண்டிக்கு மூச்சா? ஆம். வாருங்கள், பார்ப்போம்.

அடுப்பு எரிய விறகு மட்டும் போதுமா? போதாது. காற்றும் வேண்டும். அதனால்தான் ஊதுகுழல் வைத்து ஊதுகிறோம். லாரி என்ஜினும் ஓர் அடுப்புதான். அதற்கு டீசல்தான் விறகு. ஒரு கிலோ டீசல் முழுவதும் எரிய 14 கிலோவுக்கும் அதிகமான காற்று வேண்டும்!

என்ஜின் தானாக இழுக்கும் காற்று மலை ஏறப் போதாது. அதனால் அதற்கும் ஓர் ஊதுகுழல் வைத்தார்கள். அதன் பெயர் டர்போ. சுவிட்சர்லாந்து நாட்டுப் பொறியாளர் ஆல்ஃபிரட் பூச்சி 1905-ல் இதற்குக் காப்புரிமை பெற்றார். என்ஜினிலிருந்து வேகமாக வெளியேறும் புகை ஒரு சக்கரத்தைச் சுழற்றும். அதோடு சேர்ந்து இன்னொரு சக்கரமும் சுழலும். அது காற்றை அமுக்கி என்ஜினுக்குள் தள்ளும்.

இங்கே ஒரு சிக்கல் வருகிறது. சைக்கிளுக்குக் காற்று அடித்திருப்பீர்கள். பம்பின் அடிப்பகுதியைத் தொட்டுப் பாருங்கள். சுடும். காற்றை அமுக்கினால் அது சூடாகிறது. டர்போவிலிருந்து வரும் காற்று 150 டிகிரி வரைகூடச் சூடாகலாம்.

சூடான காற்று விரியும். வெயிலில் நிறுத்திய சைக்கிளின் டியூப் சில நேரம் வெடிப்பது இதனால்தான். விரிந்த காற்று அதிக இடத்தை அடைத்துக்கொள்ளும். ஆகவே என்ஜினுக்குள் போகும் காற்றின் அளவு குறையும்.

இதற்கு என்ன வழி? காற்றைக் குளிர வைக்க வேண்டும். அந்த வேலையைச் செய்வதுதான் இன்டர்கூலர். பார்க்க ரேடியேட்டர் போலவே இருக்கும். லாரிகளில் பெரும்பாலும் ரேடியேட்டருக்கு முன்னால் இருக்கும். சூடான காற்று இதன் குழாய்களுக்குள் போகும். வெளிக்காற்று குழாய்களின் மேல் வீசும். 150 டிகிரிக் காற்று 60 டிகிரிக்குக் குறைந்தால், அதே இடத்தில் ஏறக்குறைய கால் பங்கு காற்று அதிகமாக அடங்கும். அதிகக் காற்றில் அதிக டீசல் நன்றாக எரியும். வண்டிக்கு வலு கூடும்.

கண்டாலாவில் அந்த ஓட்டுநர் என்ன செய்தார்? அகலமான இடத்தில் வண்டியை நிறுத்தினார். சக்கரங்களுக்குக் கட்டை போட்டார். என்ஜினை அணைத்தார். சூடு ஆறும்வரை காத்திருந்தார். பிறகு பார்த்தார். இன்டர்கூலருக்குப் போகும் ரப்பர் ஹோஸின் கிளிப் தளர்ந்திருந்தது. என்ஜினுக்குப் போக வேண்டிய காற்று வழியிலேயே கசிந்துவிட்டது. போதிய காற்று இல்லாததால் டீசல் சரியாக எரியவில்லை. அதுதான் கரும்புகை. இன்டர்கூலரின் முகத்திலும் சேறு அப்பியிருந்தது. கிளிப்பை முடுக்கினார். சேற்றை மெதுவாகத் துடைத்தார். வண்டி மலை ஏறியது.

டீசல் கூடுதலாகச் செலவானால் முதலாளிக்கு ஓட்டுநர்தான் பதில் சொல்ல வேண்டும். கரும்புகையோ வழியில் இருப்பவர்களின் நெஞ்சைக் கெடுக்கும். காற்று சும்மா கிடைக்கிறது. ஆனால் அது சரியாகப் போகாவிட்டால், காசு கொடுத்து வாங்கிய டீசல் புகையாகப் போகிறது.

நினைவில் வையுங்கள்:

ஹோஸையும் கிளிப்பையும் அடிக்கடி பாருங்கள்.

இன்டர்கூலரைச் சாக்கு, துணி கொண்டு மூடாதீர்கள்.

அதன் மெல்லிய தகடுகள் வளையும்படி வேகமாகத் தண்ணீர் அடிக்காதீர்கள்.

சூடான என்ஜினில் கை வைக்காதீர்கள்.

புதிய வண்டிகளில் எச்சரிக்கை விளக்கு எரிந்தால் மெக்கானிக்கிடம் காட்டுங்கள்.

பேசிப் பார்ப்போம்: உங்கள் ஊரில் கரும்புகை விடும் வண்டிகள் உண்டா? அதற்கு என்ன காரணம் இருக்கும்?